கறுப்பு வண்டியின் மெருகு

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் மெழுகுதான். மெழுகண்ணே, மெழுகு சார், ஏ மெழுகு என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அமரர் ஊர்தி ஓட்டுகிற மனுஷனுக்கு ஊர் இதைவிடப் பொல்லாத பெயரெல்லாம் வைத்திருக்கும், தனக்கு இதோடு விட்டதே பெரிய காரியம் என்பது அவர் கட்சி.

அவர் வேலை பார்த்தது ஓர் இறுதிச் சேவைக் கம்பெனியில். முன்னால் சின்ன அலுவலகம். ஒரு மேஜை, நாலு நாற்காலி, சுவரோரம் மாதிரிக்கு வைத்த இரண்டு சவப்பெட்டிகள். அழ வருகிறவர்களுக்காக ஒரு தண்ணீர்க் குடம், மூடி போட்டு. அலுவலகத்தைத் தாண்டி உள்ளே போனால் தகரக் கூரை போட்ட கொட்டகை. அங்கேதான் கறுப்பு வண்டி நிற்கும். நாற்காலியும் பந்தலும் ஏற்றுகிற வேன்கள் வெளியே வெயிலில் காய்ந்து கிடக்கும், அதைக் கேட்பாரில்லை. கறுப்பு வண்டிக்கு மட்டும் நிழல், குழாய், தரையில் சிமெண்டு, தனி டியூப்லைட். நீளமான வண்டி அது. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. டிரைவர் கதவுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு வெறும் கறுப்புத் தகடு, ஒரே வீச்சில் கடைசி வரைக்கும் போகும்.

இதற்கு முன்னால் அவர் சிமெண்டு லாரி ஓட்டியிருக்கிறார். கல்யாணக் காரும் கொஞ்ச காலம் ஓட்டினார். கல்யாணக் காரில் எல்லோருக்கும் அவசரம், எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்காது. கறுப்பு வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் படுத்திருப்பவருக்கும் அவசரமில்லை, கூட வருகிறவர்களுக்கும் அவசரமில்லை. சீக்கிரம் போ என்று ஒருத்தரும் சொல்லாத உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேலைக்குச் சேர்ந்த அன்று வண்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. பழைய டிரைவர் அதன்மேல் காட்டிய அக்கறை அவ்வளவுதான். அப்போதிருந்த பெரிய முதலாளி, "கொஞ்சம் தொடைச்சு வைப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை இவர் அத்தனை வருஷமும் விடவேயில்லை.

வட்டமான தகர டப்பாவில் மஞ்சளாக, சுண்டினால் நகம் வலிக்கிற அளவு கெட்டியாக இருக்கும், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த மெழுகு. பஞ்சில் எடுத்துத் தடவு என்று டப்பாவிலேயே படம் போட்டிருக்கும். இவர் அதைச் சட்டை செய்ய மாட்டார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கைச்சூட்டில் இளக வைத்து, வெறுங்கையாலேயே வண்டிமேல் பூசுவார். கைக்குத் தெரிகிற தூசி கண்ணுக்குத் தெரியாது என்பார். பூசிய இடம் பனி படிந்த மாதிரி வெளுக்கும் வரை காத்திருப்பார். அப்புறம் பழைய பனியனைக் கிழித்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இதுதான். வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைத்த பாவத்துக்கு ஆளாகாத மனுஷன், அங்கே ஒரு வண்டியைக் குழந்தை மாதிரிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கு எரிச்சல் மட்டுமில்லை, பயமும் உண்டு. பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை அவளுக்கு. தெருவில் கறுப்பு வண்டி போனால் தையல் மெஷினை நிறுத்திவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். ஓட்டுகிறவர் சொந்தப் புருஷன் என்பதெல்லாம் அப்போது கணக்கில்லை. கொட்டகைப் பக்கம் அவள் கால் வைத்ததே கிடையாது. சாவி மறந்துபோன அன்றைக்குக்கூட வாசல் கேட்டுக்கு வெளியே நின்று காவல்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இத்தனை வருஷம் தேய்த்தாரே, அவர் கண் என்ன பார்த்தது என்று கேட்டால், பெயிண்டைப் பார்த்தது. பெயிண்டை மட்டும்தான் பார்த்தது. யாரோ சட்டைப் பித்தான் உரசிய கோடு வாசலிலிருந்தே தெரிந்துவிடும் அவருக்கு. பறவை எச்சம் விழுந்தால் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுவார். துடைக்கும்போதும் கண்ணை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு தகட்டின் தோலையே துழாவுவார். அந்தக் கறுப்புக்குள் என்ன தெரிகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தச்சர் மரத்தைப் பார்ப்பார், யார் உட்காரப் போகிறார்கள் என்றா பார்ப்பார்?

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் வலது தோள் வந்து குறுக்கே நின்றது. முதலில் குத்தல், பிறகு இறுக்கம், அப்புறம் கை காதுக்கு மேலே ஏறவே மாட்டேன் என்றது. தோள் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். பயிற்சி செய்ய வேண்டும், மேலே தூக்கித் தேய்க்கிற வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிடிக்கவே ஆகாது என்று எச்சரித்தார். தினமும் சட்டையில் கையை நுழைத்துவிடுவது மனைவியின் வேலையாயிற்று. இவர் முக்காலி போட்டு ஏறி, வண்டியின் கூரையை இடது கையால் தேய்த்துப் பார்த்தார். இடது கைக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. ஒரு சாவு வீட்டில் மாடியிலிருந்து பார்த்த யாரோ, வண்டிக் கூரை திட்டுத்திட்டாக இருந்தது, கடைசிப் பயணத்துக்கு இப்படியா அனுப்புவீர்கள் என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள்.

பெரிய முதலாளி காலமாகி இப்போது அவர் மகள்தான் நிர்வாகம். எல்லோருக்கும் மேடம். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் இழுத்தடிக்க மாட்டார். மெழுகைக் கூப்பிட்டு நேராகவே பேசினார். வண்டிக்கு செராமிக் கோட்டிங் போட்டுவிடலாம், அப்புறம் மெழுகும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், தண்ணீர் அடித்தால் போதும், அவரே கடைசி வரை ஓட்டலாம். இல்லை, மெழுகேதான் என்றால் வண்டி மங்கக் கூடாது. மங்கினால் வண்டி இன்னொரு டிரைவர் கைக்குப் போகும், இவர் நாற்காலி வேனுக்குப் போக வேண்டியதுதான். ஓட்டுகிறவர் அவர் என்பதால் முடிவை அவரிடமே விடுவதாகவும் சொன்னார். அந்த இன்னொரு டிரைவர் வண்டி கழுவுகிற லட்சணத்தை மெழுகு பார்த்திருக்கிறார். எருமை குளிப்பாட்டுகிறவர்கள்கூட அதைவிட இதமாகக் குளிப்பாட்டுவார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மவராசி மாதிரி மேடம் வழி சொல்லியிருக்கிறார், நாளைக்கே போடச் சொல்லுங்கள் என்றாள். அன்றைக்குத் தோளுக்குச் சூடாக ஒத்தடம் கொடுத்த கையில் ஒரு தனிக் குஷி தெரிந்தது.

கோட்டிங்காரர் அடுத்த நாளே வந்தார். முப்பது வயசு இருக்கும். கறுப்புக் கையுறை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, புட்டிகள், சுற்றுகிற மெஷின், கண்ணைக் கூசும் ஒரு லைட். தலைக்கனம் இருக்கும் என்று எதிர்பார்த்த மெழுகுக்கு ஏமாற்றம். ஆள் தங்கம். வண்டியை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இத இவ்ளோ நாளா காப்பாத்தினது?" என்றுதான் வாயைத் திறந்தார். மெழுகுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

என்னென்ன வழி இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மெழுகு நல்லதுதான், ஆனால் வெயிலில் நிற்காது, மழை நாலு அடித்தால் போய்விடும். கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் இருக்கிறது, தோலுக்கு மேலே தோல் ஒட்டுவது போல, கல் தெறிக்கிற நெடுஞ்சாலை வண்டிக்கு அதுதான் சரி, மெதுவாகப் போகிற இந்த வண்டிக்கு எதற்கு? கோட்டிங் என்பது திரவம். தடவினால் பெயிண்டோடு பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும், வருஷக்கணக்கில் அசையாது. பிறகு பெயிண்டின் கனத்தைக் காட்டுகிற ஒரு சின்னக் கருவியைத் தகட்டில் வைத்துக் காட்டினார். நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறதாம். முடியைவிட மெல்லிசாம். வெயில், மழை, எச்சம், புகை எல்லாவற்றையும் இத்தனை நாள் தாங்கியது அந்த முடி கனம்தானாம். மெழுகு தன் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி விரலில் வைத்துப் பார்த்தார். இவ்வளவுதானா, இதையா இத்தனை வருஷம் தடவிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு மலைப்பாகப் போயிற்று.

அதற்கப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன லைட்டைப் போட்டார். டியூப்லைட்டில் பளபளவென்று நின்ற இடப்பக்கத் தகடு, அந்த வெளிச்சத்தில் முழுக்க வலை பின்னிக் கிடந்தது. வட்டம் வட்டமாக, மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரமாயிரம் கீறல்கள். இதெல்லாம் எப்படி வந்தது என்று மெழுகு கேட்டார். கோட்டிங்காரர் கொஞ்சம் தயங்கினார். துணியில் சிக்கிய பொடித் தூசியோடு வட்டமாகத் தேய்த்தால் வருவதுதான், எல்லோரும் செய்கிற தப்புதான், நேர்கோடாகத் துடைத்திருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். ஆக, மெருகு ஏற்றுகிறோம் என்று ஞாயிறு தவறாமல் தன் கையாலேயே கீறி வைத்திருக்கிறார். மெழுகின் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

மாதிரிக்காக வண்டியின் பின்பக்கம் வலது மூலையில் மட்டும் கோட்டிங்காரர் வேலை செய்து காட்டினார். மெஷின் சுற்றச் சுற்ற வலை அழிந்தது. புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவி, ஆற வைத்து, மறுபடி துடைத்துவிட்டு விலகினார். மெழுகு கிட்டே போய்ப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. கொட்டகையின் தகரக் கூரை, அதில் இருந்த ஆணி, ஆணியில் தொங்கிய வாளி, எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. தண்ணீர் தெளித்தால் நிற்கவேயில்லை, உருண்டை உருண்டையாகத் திரண்டு ஓடியே போயிற்று. அவர் மூக்கின்மேல் விரலை வைத்தார். கறுப்பு இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இவ்வளவு நாள் தான் செய்தது ஒன்றுமே இல்லை என்று தோன்றினாலும் அதில் வருத்தம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. முழு வண்டிக்கும் போட்டுவிடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஒரு சவாரி இருந்தது. அதை முடித்துவிட்டுச் சாயங்காலம் வண்டியை ஒப்படைப்பதாகப் பேச்சு.

மறுநாள் சவாரி ஒரு வயதான அம்மாளுக்கு. ஒரே மகள். நாற்பதைத் தாண்டியவள். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நாற்காலி போதுமா, மயானத்தில் சொல்லியாயிற்றா, பூ வந்ததா, ஊரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்று போனும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எவ்வளவு தைரியம் என்று சிலர் மெச்சினார்கள். கல்லு மாதிரி இருக்கிறாளே என்று சிலர் முணுமுணுத்தார்கள். மெழுகு இரண்டையும் கேட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்றார். சாவு வீட்டில் டிரைவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

பெட்டியை ஏற்றிப் பின்கதவைச் சாத்தினார்கள். இனி கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பெண் கையில் போனோடு வண்டியின் இடப்பக்கமாக விறுவிறுவென்று வந்தாள், டிரைவரிடம் வழி சொல்வதற்கு. தகட்டைக் கடந்து இரண்டு அடி வைத்தவள் நின்றாள். திரும்பி வந்தாள். தகட்டுக்கு நேராக நின்று பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை விரலால் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், கறுப்புக்குள் இருந்த முகமும் ஒதுக்கியது. அவள் போன் வைத்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

"அம்மா" என்றாள். கூப்பிட்டது பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக இருந்தது.

அவளுடைய சித்தப்பா பதறிக்கொண்டு ஓடிவந்தார். பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோளைப் பிடித்து விலக்கப் பார்த்தார்.

"சித்தப்பா, இங்க பாருங்களேன். அம்மா."

அது உன் முகம்தானம்மா என்று சொல்லத்தான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார். தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"ஆமாம்மா. அண்ணியேதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். தகட்டில் நெற்றியை முட்டுக்கொடுத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, அத்தனை நாள் ஆஸ்பத்திரியிலும் அத்தனை நேரம் வீட்டிலும் அடக்கி வைத்ததையெல்லாம் அங்கே கொட்டினாள். ஒருவர் பின் ஒருவராகச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கே ஒரே மாதிரி அகன்ற நெற்றி. வந்து நின்றவர்கள் தகட்டைப் பார்த்தார்கள். ஒருவர் தன் அக்காவைப் பார்த்தார். இன்னொருவர், போய்ப் பல வருஷமான தகப்பனாரைப் பார்த்தேன் என்று பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெழுகும் எட்டிப் பார்த்தார், கண்ணைத் தகட்டின் தோலில் வைக்காமல், அவர்கள் நின்ற தூரத்திலிருந்து. தெரிந்துவிட்டது. கீறல் வலையும் மெழுகுப் பூச்சும் சேர்ந்து முகத்தில் இருக்கிற கோடு, சுருக்கம், தூக்கமில்லாத கண், அழுத மூக்கு எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. மீதி இருந்தது ஜாடை மட்டும். குடும்பத்தில் ஆளுக்கு ஆள் கைமாறி வருகிற அந்த ஜாடைதான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கீறலுக்காக நேற்று கையை மறைத்துக்கொண்டாரோ அந்தக் கீறல் செய்கிற வேலை இது. கடவுளே, இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போனோமே, இத்தனை வாசலில் இத்தனை பேர் இந்தத் தகட்டோரம் வந்து நின்றார்களே, எதற்கு நின்றார்கள் என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

பின்பக்கம் வலது மூலையில், கோட்டிங் போட்ட இடத்தில், அந்த வீட்டு மாப்பிள்ளை நின்றிருந்தார். கண்ணாடியைவிடத் துல்லியமாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று உதட்டை விரித்துச் சோதித்துவிட்டு, காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனார். அவர்மேல் தப்பில்லை. அங்கே தெரிந்தது அவர் மட்டும்தான்.

மயானத்துக்கு அன்றைக்கு வண்டி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. மெழுகின் சரித்திரத்தில் அதுதான் முதல் தாமதம்.

சாயங்காலம் கொட்டகையில் கோட்டிங்காரர் மெஷினோடு தயாராக இருந்தார். மேடமும் வந்திருந்தார். மெழுகு வண்டியை நிறுத்தி இறங்கி, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சமரசம் பேசிப் பார்த்தார். கை எட்டாத கூரைக்கும் முன்பக்கத்துக்கும் கோட்டிங் போடுவோம், பக்கத் தகட்டை மட்டும் விட்டுவிடுவோமா என்று கேட்டார். கோட்டிங்காரர் தலையை ஆட்டினார். அப்படிப் போட்டால் ஒரே வண்டியில் இரண்டு கறுப்பு தெரியும், ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும், பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்றார். உள்ளதைத்தான் சொன்னார். மேடமும் அரைகுறை வேலையே வேண்டாம், போட்டால் முழுசாகப் போடுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்று முடித்துவிட்டார்.

முழுசாகப் போட்டால் தோள் பிழைக்கும், வண்டியும் கையை விட்டுப் போகாது. அந்த முகங்கள் மட்டும் போய்விடும். மெழுகு தோளைத் தடவிக்கொண்டார். சட்டையை மாட்டிவிடுகிற மனைவி கண்முன் வந்து நின்றாள்.

"வேண்டாம் மேடம்" என்றார்.

மேடத்துக்குப் புரியவில்லை. நேற்றுத்தானே வாயைப் பிளந்துகொண்டு சரி என்றீர்கள், ஒரே ராத்திரியில் என்ன ஆயிற்று என்று கேட்டார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன், காலையில் பார்த்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஆட்கள் அதில் போனவர்களைப் பார்க்கிறார்கள் என்றார்.

"கோட்டிங் போட்டா இன்னும் நல்லா தெரியுமேண்ணே?" என்றார் மேடம்.

"நல்லா தெரிஞ்சா அவங்கவங்கதான் மேடம் தெரிவாங்க. இல்லாதவங்க தெரியணும்னா கொஞ்சம் மங்கிதான் இருக்கணும்."

கோட்டிங்காரர் கையுறையைக் கழற்றினார். தகட்டுக்கு நேரே போய், லைட்டை அணைத்துவிட்டு, வெறுமனே கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் யாரையோ பார்த்துவிட்டார் போலிருக்கிறது. இதை நான் தொடமாட்டேன் மேடம், மாதிரிக்குப் போட்டதையும் நானே எடுத்துவிட்டு மெழுகு பூசித் தருகிறேன் என்று பெட்டியை மூடினார்.

மேடம் ஒத்துக்கொண்டார். ஆனால் பேச்சு பேச்சுதான் என்பதையும் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை மாடியிலிருந்து போன் வந்தால் வண்டி அடுத்தவர் கைக்குத்தான் போகும், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாதண்ணே என்றார். மெழுகு தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, கையைத் தூக்க முடியாமல் நாள் முழுக்க அனத்துகிற மனுஷனுக்கு வீம்பு எதற்கு, செத்தவர்களைப் பற்றி இருக்கிற அக்கறை உயிரோடு இருக்கிற என்மேல் உண்டா என்று மனைவி விட்டு வாங்கினாள். மெழுகு காலையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். கதை அளக்காதீர்கள் என்று அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு வந்தது, ஒத்தடம் வந்தது, சட்டையும் மாட்டிவிடப்பட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முக்காலிமேல் நின்று, இடது கையால் கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முழம் துடைப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. துடைத்த இடம் திட்டாகத்தான் இருந்தது. இது நடக்காது, வேன்தான் நமக்கு எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இறங்கி முக்காலியிலேயே உட்கார்ந்தார். அப்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால் அவர் மனைவி.

கொட்டகை வாசல் வரைக்கும் வந்தவள் அங்கேயே நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று கால் தயங்கியது. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பயத்தை மறைக்கவோ என்னவோ, முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள்.

"எங்க அது? நீங்க சொன்ன இடம்."

அவர் கையால் காட்டினார். அவள் சுவரை ஒட்டி ஒட்டி வந்து, இடப்பக்கத் தகட்டுக்கு எதிரே நின்றாள். பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தெம்பில் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

கறுப்புக்குள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். யாருடைய அப்பா அம்மாவோ என்று சொல்லலாம், பழைய கல்யாண போட்டோ என்றும் சொல்லலாம். அவர் வழுக்கை தெரியவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் உயரமாக ஒன்று, குட்டையாக ஒன்று, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அவள் வெகுநேரம் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அங்கே உள்ளே நின்ற அவளைத்தான் பார்த்தார். இத்தனை வருஷம் அத்தனை வாசல்களில் அத்தனை பேர் பார்த்ததை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"என்னிக்காவது ஒரு நாள்" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல், "நம்மள்ல ஒருத்தர் மட்டும்தான் இங்க வந்து நிப்போம், இல்ல?"

அவர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். உம் என்றார்.

அவள் கைப்பையை முக்காலிக்குப் பக்கத்தில் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முக்காலியை வண்டியோரம் இழுத்துப் போட்டு, கூரை எட்டுகிறதா என்று ஏறிப் பார்த்தாள். எட்டியது. மேலே நின்றபடியே அவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நிக்கப்போறது நானா இருந்தா உங்க முகம் எனக்குத் தெரிஞ்சாகணும். துணியக் குடுங்க."